கையெழுத்துக்கு மேலே

ஜனவரி 9

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் பொடிசு எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் சுகம். நீயும் அண்ணியும் சுகமா? உன் இடுப்பு வலி எப்படி இருக்கிறது? நாள் முழுக்க நாற்காலியில் ஒட்டிக்கொண்டு மொழிபெயர்த்தால் இடுப்பு என்ன செய்யும், பாவம். போன தடவை என் கடிதத்தில் பதினோரு ஒற்றுப் பிழைகளைச் சிவப்பு மையால் சுழித்துத் திருப்பி அனுப்பியிருந்தாய். சொந்தத் தங்கைக்கே இரக்கம் காட்டாத ஒற்றுப் போலீஸ் என்று உன் மாப்பிள்ளை சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்.

ஒரு நல்ல செய்தி. நான் வலிப்புக்கு மாத்திரை வாங்கும் ஆஸ்பத்திரியில் புதிதாக ஒரு கூடம் திறந்திருக்கிறார்கள். எங்களுக்கெல்லாம் ஆறு மாதம் இலவச மருத்துவப் பரிசோதனையாம். ரத்தம் பார்ப்பார்கள், தலையைப் படம் எடுப்பார்கள், மாத்திரையும் அவர்களே தருவார்கள். பழைய மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கச் சொன்னார்கள். டாக்டருக்கு நம் பாஷை வராது, பார்த்தால் சிரிப்பார், அவ்வளவுதான். நர்ஸம்மாதான் தமிழ்த் தாளை வாசித்துக் காட்டினார். நானும் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

அந்தத் தாளின் தமிழைக் கேட்டதும் உன் ஞாபகம் வந்தது. உனக்காகவே இரண்டு வரி எழுதிக்கொண்டு வந்தேன். "இம்மருத்துவப் பரிசோதனையில் தாங்கள் மனமுவந்து பங்கேற்கிறீர்கள். காரணம் ஏதும் கூறாமல் எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம். அதனால் தங்கள்மீது எவருக்கும் மனத்தாங்கல் ஏற்படாது." ஆஸ்பத்திரித் தாளில் மனத்தாங்கல்! உன்னை மாதிரியே ஒரு கிறுக்கன் எங்கோ உட்கார்ந்து எழுதியிருக்கிறான்.

லாண்டரியில் வேலை குவிகிறது. ஓட்டல் பெட்ஷீட் மட்டும் தினம் அறுநூறு. பத்து வருஷமாக எனக்கு ஒரு தடவைகூட வலிப்பு வரவில்லை, வலிப்பு உண்டு என்பதே அங்கே யாருக்கும் தெரியாது. அதனால் ஆபீஸ் போனில் இந்தப் பேச்சு வேண்டாம். கடிதமே போடு.

உன் தங்கை

ஜனவரி 22

அன்புள்ள பொடிசுக்கு,

நலம். உங்கள் நலம் அறிய ஆவல். இடுப்பு பரவாயில்லை. அண்ணியின் டிரைவிங் ஸ்கூலில் இந்த மாதம் இரண்டு பேர் காரைச் சுவரில் ஏற்றிவிட்டார்களாம்.

எனக்குச் சில விவரங்கள் வேண்டும். அந்தத் தாளின் அடியில், இடது ஓரத்தில், பொடி எழுத்தில் ஓர் எண் இருக்கும். அதை அப்படியே எழுதி அனுப்பு. 'ஒப்பீட்டு மாத்திரை' என்ற சொல் எங்காவது வருகிறதா என்று பார். வந்தால் அது என்னவென்று நர்ஸிடம் கேள். பழைய மாத்திரை இப்போது நாளைக்கு எத்தனை? எப்போது முழுக்க நிறுத்தச் சொல்லியிருக்கிறார்கள்? இன்னொன்று, கொஞ்ச நாளைக்கு, பெட்ஷீட்டை உள்ளே இழுத்துத் தேய்க்கும் அந்த ரோலர் மிஷினில் நிற்காதே. துணி மடிக்கும் மேசைக்கு மாற்றிக் கேள். ஏன் என்று கேட்காதே.

உடனே பதில் போடு.

அண்ணன்

பிப்ரவரி 5

அன்புள்ள அண்ணனுக்கு,

சுகம். அங்கேயும் சுகம்தானே? போலீஸ்காரன்கூட இப்படி விசாரிக்க மாட்டான். அதைவிட அதிசயம், என் கடிதத்தை நீ சுழித்துத் திருப்பி அனுப்பவில்லை. மூன்று ஒற்றை வேண்டுமென்றே விட்டிருந்தேனே! உனக்கு உடம்புக்கு முடியவில்லையா?

நீ கேட்ட எண்: வ-7 / தமிழ் / 3. ஒப்பீட்டு மாத்திரை இரண்டாம் பக்கத்தில் வருகிறது. நர்ஸம்மாவிடம் கேட்டேன். "ஒண்ணோட ஒண்ணு ஒப்பிட்டுப் பாக்குறதும்மா. எல்லாம் பரிசோதனைதான்" என்றார்.

கூடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். திங்கள் முழங்கால் வலி, செவ்வாய் சர்க்கரை, புதன் மூச்சிரைப்பு, வியாழன் தூக்கம் வராதவர்கள், வெள்ளி நாங்கள். எல்லோருக்கும் ஒரே தாள்தான், நோயின் பெயர் மட்டும் மாறும். தூக்கம் வராதவர்கள்தான் நாற்காலியில் உட்கார்ந்ததும் குறட்டை விடுகிறார்களாம். எனக்குப் பக்கத்து நாற்காலி ஒரு பஸ் கண்டக்டரக்கா. வாய் ஓயாது. நர்ஸம்மா தாளை வாசித்தபோது, "நம்மளையும் ஒருத்தன் தாங்கள்னு கூப்பிட்டிருக்கான் பாரு. அதுக்கே ஒரு கையெழுத்து போடலாம்" என்று முதல் ஆளாகப் போட்டவர் அவர்தான்.

மேசைக்கு மாறக் கேட்டேன். சூப்பர்வைசர் காரணம் கேட்டார். என்ன சொல்ல? ரோலரிலேயே இருக்கிறேன். பழைய மாத்திரை இப்போது சாயந்திரம் ஒன்று மட்டும், வரும் வெள்ளியிலிருந்து அதுவும் கிடையாது. வேறு விசேஷம் இல்லை. போன வாரம் கையில் இருந்த டம்ளர் தானாகக் கீழே விழுந்தது. சரியான தூக்கம் இல்லை, அதுதான்.

உன் தங்கை

பிப்ரவரி 12

அன்புள்ள பொடிசுக்கு,

நலம் விசாரிக்கும் நிலையில் நான் இல்லை. உன் கடிதத்தில் அந்த எண்ணைப் பார்த்ததும் தூக்கிவாரிப்போட்டது. நேராகச் சொல்லிவிடுகிறேன். அது உன்னைப் பரிசோதிக்கும் ஏற்பாடு இல்லை. ஒரு புது மருந்து வேலை செய்கிறதா என்று சோதித்துப் பார்க்கிறார்கள். சோதிப்பது உங்கள் உடம்பில். பாதிப் பேருக்குப் புது மருந்து, மீதிப் பேருக்கு உள்ளே ஒன்றுமே இல்லாத மாவு மாத்திரை. ஒப்பீட்டு மாத்திரை என்றால் அதுதான். யாருக்கு எது போகிறது என்று டாக்டருக்கே தெரியாது.

இதில் குற்றமில்லை. மருந்துகள் இப்படித்தான் வருகின்றன. ஆனால் சேர்கிறவர் தெரிந்து சேர வேண்டும். மூலத்தில் எல்லாம் தெளிவாகத்தான் இருந்தது, தமிழில் குழம்பிவிட்டது. எனக்குத் தெரிந்த ஒருவர்தான் அதைத் தமிழ்ப்படுத்தினார். கெட்ட மனிதர் இல்லை, கவனப்பிசகு.

இந்தக் கடிதம் கிடைத்ததும் ஆஸ்பத்திரிக்குப் போ. விலகிக்கொள்கிறேன் என்று சொல். பழைய மாத்திரையைத் திரும்ப எப்படித் தொடங்குவது என்று டாக்டரையே கேள். கண்டக்டரக்காவிடமும் சொல். அதுவரை ரோலர் பக்கமே போகாதே. காரணம் சொல்ல வேண்டியிருந்தால் சொல்லிவிடு, வேலை போனால் போகட்டும்.

அண்ணன்

பிப்ரவரி 25

மதிப்பிற்குரிய மச்சானுக்கு வணக்கம்.

எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளவும். நீங்களும் அக்காவும் நலம் என்று நம்புகிறேன்.

பதினாறாம் தேதி காலை ஒன்பதரை மணிக்கு உங்கள் தங்கைக்கு ரோலரில் பெட்ஷீட் விடும்போது வலிப்பு வந்துவிட்டது. துணியோடு வலது கையும் உள்ளே போய்விட்டது. எதிர்ப்பக்கம் நிற்கும் பெண் சிவப்புப் பட்டனை அடிக்க நாலு விநாடி ஆகியிருக்கிறது. நாலே விநாடிதான், நாலே விநாடிதான் என்று அந்தப் பெண் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லி அழுகிறாள். சுண்டுவிரலையும் மோதிரவிரலையும் எடுத்துவிட்டார்கள். மற்ற விரல்கள் மடங்குமா என்று இப்போது சொல்ல முடியாதாம். மச்சான், நான் ரம்பத்தோடும் உளியோடும் இருபது வருஷமாகக் குடித்தனம் நடத்துகிறவன். என் கை இருக்கிறது, அவள் கை போய்விட்டது என்பதை மனசு நம்ப மாட்டேன் என்கிறது.

ஆஸ்பத்திரியில் அவள் பெயருக்கு ஒட்டி மூடி வைத்திருந்த ஒரு கவரைக் கிழித்துப் பார்த்து, அவளுக்குக் கொடுத்தது ஒப்பீட்டு மாத்திரை என்றார்கள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அன்று சாயந்திரம் மாற்றுத் துணி எடுக்க வீட்டுக்கு வந்தேன். உங்கள் கடிதம் கதவடியில் கிடந்தது. படித்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

மறுநாள் அவளுக்கு வாசித்துக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். "அந்தத் தெரிஞ்ச ஒருத்தர் யாருன்னு எழுதிக் கேளுங்க" என்றாள். இப்போதைக்கு நீங்கள் வர வேண்டாம் என்றும் சொல்லச் சொன்னாள். ஏன் என்று எனக்குத் தெரியவில்லை. கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள்.

இப்படிக்கு
உங்கள் மாப்பிள்ளை

மார்ச் 5

அன்புள்ள பொடிசுக்கு,

எப்படி இருக்கிறாய் என்று கேட்க எனக்கு வாயில்லை. மாப்பிள்ளையின் கடிதத்தைப் படித்தேன். ரயில் டிக்கெட் எடுத்தேன், நீ வர வேண்டாம் என்றதால் திருப்பிக் கொடுத்தேன்.

அந்த ஒருவன் நான்தான். எண் கேட்டு நான் எழுதிய முதல் கடிதத்திலேயே நீ கண்டுபிடித்திருப்பாய் என்று நினைக்கிறேன்.

'மருந்துச் சோதனை' என்றுதான் முதலில் எழுதினேன். சோதனை என்றால் நம் ஆட்களுக்குக் கஷ்டகாலம். 'எனக்கு வந்த சோதனை' என்று தலையில் கை வைக்கும் சொல். படிப்பவர் மிரளுவார் என்று பட்டது. மருந்தை மருத்துவம் ஆக்கினேன், சோதனைக்கு முன்னால் ஒரு 'பரி' போட்டேன். காதுக்கு இதமாக இருந்தது. மருத்துவப் பரிசோதனை என்றால் டாக்டர் ஆளைப் பார்ப்பது என்று பள்ளிக்கூடப் பிள்ளைக்குத் தெரியும். எனக்கும் தெரியும். அன்றைக்கு அழகுதான் கண்ணுக்குத் தெரிந்தது. மாவு மாத்திரை என்று எழுதினால் கொச்சையாக இருக்கும் என்று ஒப்பீட்டு மாத்திரை ஆக்கினேன். அதையே ஐந்து நோய்களுக்கான தாள்களிலும் போட்டேன்.

ஜனவரியிலேயே இதைச் சொல்லியிருக்கலாம். உன் கடிதத்தில் அந்த 'மனத்தாங்க'லைப் பார்த்த நிமிஷமே தெரிந்துவிட்டது. ஆனாலும் எண்ணைக் கேட்டேன். வேறு யாராவது எழுதியதாக இருந்துவிடாதா என்று ஆசைப்பட்டேன். அந்த ஆசைக்கு மூன்று வாரம் போயிற்று. அந்த மூன்று வாரம்தான் உன் கை.

அண்ணன்

ஏப்ரல் 10

அண்ணா,

இடது கையால் எழுதுகிறேன். எழுத்து கோழி கிளறியது மாதிரி இருக்கும். சுகம் என்று எழுத மனம் வரவில்லை. நீங்கள் சுகமாக இருங்கள். பழைய மாத்திரையைத் திரும்பக் கொடுத்துவிட்டார்கள். கட்டைவிரல் அசைகிறது.

சொல் தப்புவது யாருக்கும் நடக்கும். அதைப் புரிந்துகொள்ளப் பார்க்கிறேன். ஒன்று மட்டும் புரியவில்லை. டாக்டரிடம் அந்தத் தாளைக் காட்டி, இதற்கு எங்கள் பாஷையில் உடம்பைப் பார்ப்பது என்றுதான் அர்த்தம் என்று நர்ஸம்மாவை விட்டுச் சொன்னேன். மனிதர் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டார். இருக்கவே முடியாது என்றார். தமிழில் எழுதியதை, மூலத்தையே பார்க்காத இன்னொருவர் திரும்ப இங்கிலீஷில் எழுத வேண்டுமாம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் தப்பு தெரிந்துவிடுமாம். வைத்துப் பார்த்தார்களாம். அச்சுப் பிசகாமல் ஒத்துப்போயிற்றாம். அந்த ஆள் கையெழுத்துப் போட்ட சான்றிதழும் இருக்கிறதாம்.

அந்த இரண்டாவது ஆள் யார்? புள்ளி விட்டாலே பிடிக்கிற உனக்குத் தெரியாமல் இருக்காது.

கண்டக்டரக்கா பிப்ரவரி நடுவிலிருந்து வரவில்லை. 'காரணம் கூறாமல் விலகினார்' என்று பதிவேட்டில் எழுதியிருக்கிறதாம். கூடம் திங்கள் முதல் வெள்ளி வரை அதே மாதிரி நடக்கிறது. சான்றிதழ் சரியாக இருக்கும்போது என் ஒருத்தி பேச்சை வைத்து நிறுத்த முடியாது என்கிறார்கள். இதையெல்லாம் மேற்பார்க்கும் நெறிமுறைக் குழு என்று ஒன்று இருக்கிறதாம். நீ எழுது. எழுதினவனே தப்பு என்று சொன்னால் நிறுத்துவார்கள்.

தங்கை

ஏப்ரல் 30

அன்புள்ள பொடிசுக்கு,

கட்டைவிரல் அசைகிறது என்ற வரியை எத்தனை தடவை படித்தேனோ தெரியாது. மருந்தை நேரத்துக்குச் சாப்பிடு.

குழுவுக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறேன். இது ஒன்பதாவது பிரதி. ஒவ்வொரு வரியும் வேறெங்கோ போய் முடிகிறது.

நீ கேட்டதற்குப் பதில் சொல்லாமல் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது. இரண்டாவது ஆளும் நான்தான். அவசரம் என்று ஏஜென்சிக்காரர் நெருக்கினார். "வேற ஆள் கிடைக்கல சார். உங்க வீட்டம்மா பேர்ல நீங்களே பண்ணிக் குடுத்துடுங்க" என்றார். மூலத்தைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டே திருப்பி எழுதினேன். ஒத்துப்போகாமல் என்ன செய்யும்? வேலியே பயிரை மேய்ந்த கதை.

சான்றிதழின் அடியில் இருப்பது அண்ணியின் கையெழுத்து. அவளுக்கு இது எதுவும் தெரியாது. என் கடிதம் போனால் அவள் பெயரும் சேர்ந்து நாறும். அவளைக் காப்பாற்றும் மாதிரி ஒரு வாக்கியம் வேண்டும், அதற்குத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன். உன்னைக் கும்பிட்டுக் கேட்கிறேன், அவளிடம் சொல்லிவிடாதே.

அண்ணன்

மே 18

என் அன்பு நாத்தனாருக்கு,

அண்ணி எழுதுவது. கை எப்படி இருக்கிறது? தினமும் எண்ணெய் போட்டு உருவிவிடச் சொன்னார்களா? மாப்பிள்ளை நேரத்துக்குச் சாப்பிடுகிறாரா? இவ்வளவு நடந்தும் எனக்கு 'லாண்டரியில் சின்ன அடி' என்று மட்டும்தான் சொல்லப்பட்டது. அதற்கே நான் பழவகை வாங்கி அனுப்பச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

நீ அனுப்பிய கவரைப் பிரித்தேன். உன் எழுத்து ஒன்றுமில்லாமல், உள்ளே இவர் உனக்கு எழுதிய கடிதம் மட்டும் இருந்தது. அவரிடம் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்கலாம் என்று ஒரு நிமிஷம் தோன்றியது. கேட்கவில்லை. நானே படித்தேன்.

அந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. புது ஆளுக்குக் கிளட்ச் சொல்லிக்கொடுத்துவிட்டு அப்போதுதான் வீட்டுக்கு வந்திருந்தேன். "இங்க ஒரு கையெழுத்து போடேன், ஏஜென்சிக்கு" என்றார். விரலை வைத்துக் காட்டினார். செருப்பைக்கூடக் கழற்றாமல் போட்டேன். போர்டைப் படிக்காமல் வண்டியை எடுக்காதே என்று நாள் முழுக்கக் கத்துகிறவள் நான். வீட்டில் பதினாறு வருஷமாக அவர் விரல் வைத்த இடத்தில் போட்டிருக்கிறேன். நீ அந்தக் கூடத்தில் போட்டாய், நான் வாசற்படியில் போட்டேன்.

அவரிடம் கடிதத்தை நீட்டினேன். உட்கார்ந்து அழுதார். உன் அண்ணன் அழுது நான் பார்த்ததே இல்லை. ஆனாலும், "குழுவுக்கு எழுதினீங்களா?" என்று கேட்டேன். "பதினொண்ணாவது பிரதி போயிட்டிருக்கு. உன் பேர் அடிபடாம ஒரு வாக்கியம் அமைய மாட்டேங்குது" என்றார். தினம் அங்கே மாத்திரை போய்க்கொண்டிருக்கிறது, இவர் வாக்கியம் அமைத்துக்கொண்டிருக்கிறார்! எனக்கு வந்த கோபத்தில் அவர் மேசையிலிருந்தே ஒரு தாளை எடுத்து நானே எழுதினேன்.

"அந்தச் சான்றிதழில் என் பெயரில் இருக்கும் கையெழுத்து என்னுடையதுதான். அதற்கு மேலே இருக்கும் எதையும் நான் எழுதவில்லை, படித்ததுகூட இல்லை. தமிழ்த் தாள், அதைத் திருப்பிய இங்கிலீஷ் இரண்டையும் எழுதியவர் என் கணவர். தமிழ்த் தாளில் இருப்பது தவறு. இன்றே நிறுத்துங்கள்."

தபால் பெட்டியில் போட்டுவிட்டு வந்துதான் அவரிடம் சொன்னேன். அவரும் எழுந்து போய் அவருடைய கடிதத்தையும் போட்டுவிட்டு வந்தார். அவருடைய ஏஜென்சி வேலை போய்விட்டது. என் ஸ்கூல் முதலாளிக்கும் விஷயம் போகலாம். போகட்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அண்ணி

ஜூன் 22

அண்ணா,

அண்ணியின் கடிதம் வந்தது. தெம்பாக இருக்கச் சொல். உன் இடுப்பையும் பார்த்துக்கொள். மூன்று விரலால் பேனா பிடிக்கப் பழகுகிறேன், இந்தப் பத்தி மட்டும் வலது கை.

மற்றது இடது கை. கூடத்தை நிறுத்திவிட்டார்கள். நேற்று எல்லா நாள்காரர்களையும் ஒரே நாளில் வரச் சொல்லியிருந்தார்கள். நாற்காலி போதவில்லை. டாக்டர் தலை குனிந்து நின்றார், நர்ஸம்மா அண்ணியின் கடிதத்தை வாசித்தார். பிறகு, "நீங்க நினைச்ச மாதிரி இது உங்களப் பரிசோதிக்கல. மருந்தச் சோதிச்சோம், உங்க உடம்புல" என்றார். ஒரு சர்க்கரைக்காரர், "அப்ப எனக்கு நல்லாயிடுச்சுன்னு வீட்டுல எல்லாரும் சந்தோஷப்பட்டோமே?" என்று கேட்டார். முழங்கால் அம்மா ஒருவர் பையிலிருந்து மாத்திரையை எடுத்து மேசையில் வைத்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துத் துடைத்து நின்றார். ஒருவர் சிரிக்க ஆரம்பித்து நிறுத்த முடியாமல் வெளியே போனார். மூச்சிரைப்புக்காரர் ஒருவர் மட்டும், "எனக்கு இது ஒத்துக்குது. இப்ப தெரிஞ்சே இருக்கேன், புதுத் தாள் குடுங்க" என்றார்.

எல்லோரும் போன பிறகும் கடைசி வரிசையில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். கையில் கூட்டத்துக்கு அழைத்த கடிதம். அதில் கண்டக்டரக்கா பெயர். அவருடைய வீட்டுக்காரராம். அக்கா பிப்ரவரியில் பஸ் படியிலிருந்து விழுந்து, மூன்று நாள் கிடந்து, போய்விட்டார். கால் வழுக்கிவிட்டது என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பிப்ரவரி நடுவிலிருந்து காணோம் என்று உனக்கு நான்தானே எழுதினேன். ஒரு தடவை போய்ப் பார்க்கத் தோன்றவில்லை.

நர்ஸம்மா வாசித்தது எதுவும் அவர் காதில் ஏறவில்லை. எழுந்து வந்து நர்ஸம்மாவிடம் கேட்டார். "ஆறு மாசம் முழுப் பரிசோதனைன்னு சொன்னா. ரெண்டு தடவ ரத்தம் குடுத்தா, தலையப் படம் எடுத்தாங்கன்னு சொன்னா. அதுல அவளுக்கு என்ன இருந்துச்சும்மா? அத மட்டும் சொல்லிட்டீங்கன்னா நான் போயிடறேன்."

நர்ஸம்மா முகத்தைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடிவிட்டார். நான்தான் அந்த மனிதரை உட்கார வைத்தேன். என் கையைப் பார்த்துவிட்டு, "உனக்கு என்னம்மா ஆச்சு?" என்றார். "அந்தத் தாள எழுதினது என் அண்ணன்தாங்க. அவன் வந்து சொல்லுவான்" என்றேன். "டாக்டரா?" என்றார். இல்லை என்றேன்.

இனி நீ வரலாம். எதையும் எழுதி எடுத்துக்கொண்டு வராதே, வாயால் சொல். ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டில்தான் இருப்பாராம். காலை பத்து மணிக்கு வருவாய் என்று சொல்லியிருக்கிறேன்.

தங்கை